சவரனுக்குள் இருக்கும் செம்பு: தங்கக் காசில் கலக்கும் உலோகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கக் காசை வாங்கும்போதும் விற்கும்போதும் நாம் தங்கத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். காசில் மீதியாக இருக்கும் உலோகம் என்ன, ஏன் அது அங்கே இருக்கிறது என்று கேட்டால் "கலப்படம்" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மீதியைப் பற்றி என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நம் வீடுகளில் அதிகம் தங்கியிருப்பது பிரிட்டிஷ் சவரன் என்பதால் பேச்சு அடிக்கடி அதனிடமே திரும்பும்.

சுத்தத் தங்கத்திலேயே காசு அடித்தால் என்ன?

அடிக்கலாம், இன்று அடிக்கவும் செய்கிறார்கள். கனடாவின் மேப்பிள் லீஃப் காசு 1979-இல் 999 தரத்தில் (ஆயிரம் பங்கில் 999 தங்கம்) தொடங்கி, 1982-இல் 9999 தரத்துக்கு (பத்தாயிரத்தில் 9999) வந்துவிட்டது. ஆனால் அது உறைக்குள் பிறந்து பெட்டகத்துக்குள் வாழ்கிற காசு. அதை நீட்டி யாரும் மளிகை வாங்குவதில்லை.

பழைய காசுகள் உழைத்துப் பிழைத்தவை. சுருக்குப்பையில் குலுங்கின, கல்லாப்பெட்டியில் விழுந்தன, நல்ல காசுதானா என்று கல்லில் தட்டிப் பார்க்கப்பட்டன. சுத்தத் தங்கம் மெத்தென்றது. விளிம்பு நசுங்கும், அரசியின் மூக்கு மழுங்கும், கீறல் விழும். காசுக்கு அது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பிரிட்டனின் 1870-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு சவரனின் முழு எடை, கிரெய்ன் என்ற பழைய ஆங்கில எடையளவில், 123.274 கிரெய்ன். தேய்ந்து 122.5 கிரெய்னுக்குக் கீழே போனால் சட்டப்படி செல்லாது. கிராமில் சொன்னால், வெறும் 0.05 கிராம் தேய்மானத்தில் காசின் ஆயுள் முடிந்துவிடும். அந்த 0.05 கிராமைக் காப்பாற்றத்தான் செம்பு உள்ளே போனது.

22 காரட், 916, மாற்று எல்லாம் ஒன்றுதானா?

அளக்கும் பொருள் ஒன்று, அளவுகோல்கள் வேறு. காரட் கணக்கில் முழுத் தங்கம் 24 பங்கு. 22 பங்கு தங்கமும் 2 பங்கு வேறு உலோகமும் சேர்ந்தால் 22 காரட். இருபத்திரண்டை இருபத்துநான்கால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 916.66 வரும். நகையில் காணும் 916 முத்திரை அதன் சுருக்கம்தான்.

மாற்று நம்முடைய பழைய கணக்கு. "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று இன்றும் மனிதர்களைப் பாராட்டுகிறோமே, அதில் வரும் பத்தரைதான் உயர்ந்த தரத்தின் அளவு. கட்டளைக்கல்லில் காசை உரசி, பக்கத்தில் தரம் தெரிந்த ஆணியை உரசி, இரண்டு கோடுகளின் நிறத்தை ஒப்பிட்டு மாற்றுச் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் "தண்டவாணி" என்ற தர அளவு வருகிறது. கோயிலுக்குக் கொடுத்த பொன் தண்டவாணிக்கு எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். எடை போட்ட கல்லுக்கு "ஆடவல்லான்" என்று பெயர். மாற்றுக் குறைந்த பொன்னைக் கொடுப்பது அங்கே குற்றமாகவில்லை. எவ்வளவு குறைவு என்று எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லவருவதும் கிட்டத்தட்ட இதையேதான்.

ஒரு சவரனில் சரியாக என்னென்ன இருக்கின்றன?

பிரிட்டனில் 1817-இல் அடிக்கத் தொடங்கிய சவரனின் எடை 7.988 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 7.322 கிராம், தங்கம். மீதி சுமார் 0.666 கிராம் பெரும்பாலும் செம்பு. அந்தக் காசின் பெயர்தான் நம் வாயில் "சவரன்" ஆனது. அதன் முகமதிப்பான ஒரு பவுண்டு "பவுன்" ஆனது. காசு புழக்கத்திலிருந்து போன பிறகும் பெயர் எடையாக நின்றுவிட்டது.

நகைக் கடையில் சவரன் என்றால் முழு 8 கிராம். கடையின் 22 காரட் சவரனில் தங்கம் 7.333 கிராம். அசல் காசோடு வித்தியாசம் 0.011 கிராம்தான். காசை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தால், தங்கத்தின் அளவில் ஒரு துரும்புகூட நகரவில்லை.

பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பு என்றால் மிகக் குறைவுதானே? அதனால் என்ன பெரிதாக மாறிவிடும்?

எடையில் குறைவு. எண்ணிக்கையில் அப்படி இல்லை. தங்க அணு கனமானது, செம்பு அணுவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே எடையில் 8.33 சதவீதம் செம்பு சேர்த்தாலே, அணுக்களை எண்ணினால் நூற்றுக்கு 22 செம்பாக இருக்கும். கையிலிருக்கும் சவரனில் ஏறக்குறைய ஐந்தில் ஓர் அணு தங்கமே அல்ல! இந்தக் கணக்கை முதன்முறை காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டாம் முறையும் அதே விடைதான் வந்தது.

செம்பு அணு தங்க அணுவைவிட ஏறத்தாழ 11 சதவீதம் சிறியது. ஒரே அளவு செங்கல்லால் கட்டிய சுவரில் நடுநடுவே குட்டைச் செங்கல்லை வைத்தால் வரிசைகள் நேர்க்கோட்டில் வழுக்கிப்போக முடியாது. உலோகம் நசுங்குவது என்பதே உள்ளே அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுதான். வழுக்கல் தடைப்பட்டால் உலோகம் கடினமாகிறது. வெள்ளி அணு தங்க அணுவின் அளவே இருப்பதால் அது சேர்ந்தாலும் அவ்வளவாகக் கடினம் ஏறாது. செம்புக்கு முதல் இடம் கிடைத்தது மலிவு என்பதால் மட்டும் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இந்த விகிதத்தை யார், எப்படி முடிவு செய்தார்கள்?

இங்கிலாந்தில் 22 காரட் பொன் 1526-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்தது. அதற்கு முன் அங்கே ஏறக்குறைய சுத்தத் தங்கத்தில்தான் காசு அடித்தார்கள். புதிய காசுக்குக் கிரீடத்தின் பெயர். அதனால் 22 காரட் பொன்னுக்கே அங்கே கிரீடப் பொன் என்ற பெயர் நிலைத்தது. ஆகவே தொடக்கம் அரச கஜானாவின் கணக்குதான், அறிவியல் அல்ல.

அறிவியல் வந்தது 1798-இல். தங்கக் காசுகள் தேய்ந்து நஷ்டமாவதைக் கண்டு பிரிட்டிஷ் அரசின் குழு ஒன்று சார்ல்ஸ் ஹாட்செட், ஹென்றி கேவண்டிஷ் என்ற இரண்டு வேதியியலாளர்களிடம் சோதிக்கச் சொன்னது. ஹாட்செட் பின்னால் 1801-இல் நியோபியம் தனிமத்தைக் கண்டறிந்தவர். கேவண்டிஷ் ஹைட்ரஜனை ஆராய்ந்து புகழ்பெற்றவர், மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப்போகும் கூச்சக்காரர். காசோடு காசை உரசவிடும் கருவி செய்து, வெவ்வேறு கலவைகளை நாள்கணக்கில் தேய்த்துப் பார்த்தார்கள். முடிவுகள் 1803-இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தன. மிக மெத்தென்ற தங்கமும் வேண்டாம், மிகக் கடினமான கலவையும் வேண்டாம், ஏற்கெனவே புழங்கும் 22 காரட்டே காசுக்கு ஏற்றது என்றார்கள். ஏறக்குறைய இருநூற்று எழுபது ஆண்டுக்கு முன் கஜானாக்காரன் போட்ட கணக்கை ஆய்வுக்கூடம் வந்து ஆமோதித்தது.

அந்த ஆய்வில் எனக்கு அதிகம் பிடித்தது வேறொரு பகுதி. ஈயம், பிஸ்மத், ஆன்டிமனி ஆகியவற்றைத் துளியளவு சேர்த்தாலே தங்கம் சுத்தியலுக்கு வளையாமல் பிஸ்கட் போல முறிந்துவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். நம் பொற்கொல்லர்கள் பட்டறையில் ஈயத்தை அண்டவிடாமல் விரட்டுவதற்கான காரணமும் இதுதான். செம்பை எவ்வளவோ தாங்கிக்கொள்கிற தங்கம், ஈயத்தின் நிழலையும் தாங்காது.

என்னிடம் இரண்டு பழைய சவரன்கள் இருக்கின்றன. ஒன்று சிவந்த மஞ்சள், இன்னொன்று வெளிர் மஞ்சள். வெளிர் காசு போலியா?

நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். செம்பு கலந்தால் தங்கம் சிவக்கும். வெள்ளி கலந்தால் வெளுத்து இளம்பச்சைச் சாயல் தட்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் நிறத்தை மற்றது அடக்கி மஞ்சள் நிற்கும்.

சிட்னி நாணயச்சாலை 1855-இல் திறந்தது. ஆஸ்திரேலியச் சுரங்கத் தங்கத்தில் இயல்பாகவே வெள்ளி கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுப்பது அன்று செலவு பிடித்த வேலை. ஆகவே தொடக்க காலச் சிட்னிக் காசுகளில் செம்புக்குப் பதில் வெள்ளி நின்றது, காசு வெளிறித் தெரிந்தது. அதே நாணயச்சாலையில் பணிபுரிந்த எஃப். பி. மில்லர், உருகிய தங்கத்துக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தி வெள்ளியைப் பிரிக்கும் முறைக்கு 1867-இல் காப்புரிமை பெற்றார். வெள்ளியைத் தனியாக விற்க முடியும் என்றான பிறகு அதைக் காசுக்குள் இலவசமாக யார் விட்டுவைப்பார்கள்? தங்கச் சுத்திகரிப்பு ஆலைகளில் அந்த முறை இன்றும் நடக்கிறது.

நம் காலத்திலும் இப்படி ஒரு மாற்றம் உண்டு. பிரிட்டனின் பிரிட்டானியா தங்கக் காசு 1987-இல் செம்பு கலந்த 22 காரட்டில் வந்தது. 1990 முதல் செம்பின் இடத்துக்கு வெள்ளி வந்தது. 2013 முதல் 9999 தரம். ஒரே காசு, ஒரே பெயர், மூன்று நிறம்.

22 காரட் "ஒரு அவுன்ஸ்" காசு வாங்கினால் ஒரு அவுன்ஸ் தங்கம் கிடைக்காதா?

கிடைக்கும். இது பலரையும் குழப்பும் இடம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் 1967-இல் வந்தது, 22 காரட், செம்பு கலந்தது. அதன் மொத்த எடை 33.93 கிராம். அதற்குள் தங்கம் 31.103 கிராம், அதாவது தங்கத்தை எடைபோடும் டிராய் அவுன்ஸ் முழுதாக ஒன்று. செம்பு அதற்கு மேல் போட்ட கூடுதல். தங்கத்தைக் குறைத்துச் செம்பைப் போடவில்லை. அமெரிக்காவின் கோல்டு ஈகிள், 1986 முதல் வருவது, இதே மொத்த எடையும் இதே தங்க அளவும் கொண்டது. ஆனால் மீதியில் 3 சதவீதம் வெள்ளி, 5.33 சதவீதம் செம்பு. பக்கத்தில் பக்கமாக வைத்தால் தென்னாப்பிரிக்கக் காசு செம்மை தட்டும், அமெரிக்கக் காசு மஞ்சளாக இருக்கும். தங்கம் இரண்டிலும் ஒரே அளவு.

அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்கு 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கின் கனடா 100 டாலர் காசு நல்ல உதாரணம். அதை 14 காரட்டில் ஒன்றும் 22 காரட்டில் ஒன்றுமாக இரண்டு வகையில் வெளியிட்டார்கள். 14 காரட் காசு 27 மில்லிமீட்டர் அகலம், தங்கம் கால் அவுன்ஸ். 22 காரட் காசு 25 மில்லிமீட்டர்தான், தங்கம் அரை அவுன்ஸ்.

900 தரக் காசுகளில் என்ன கலந்தார்கள்?

செம்புதான். அமெரிக்கா 1837 முதல் 900 தரத்துக்கு மாறியது. பிரான்ஸின் 20 பிராங்கும் (6.45 கிராம்) மெக்ஸிகோவின் 50 பெசோவும் இதே தரம். பத்தில் ஒன்பது என்பது தசமக் கணக்குக்கு வசதி, வேறு ரகசியம் எதுவும் இல்லை.

அப்படியானால் காசில் கலந்த எதையும் மோசடி என்று சொல்லவே கூடாதா?

சொல்ல வேண்டிய இடம் உண்டு. பைசாந்தியப் பேரரசின் தங்கக் காசு பல நூற்றாண்டுகள் கிட்டத்தட்ட 24 காரட்டில் நின்றது. மத்தியதரைக்கடல் முழுக்க அதை எண்ணித்தான் வாங்கினார்கள், சோதித்து அல்ல. 11-ஆம் நூற்றாண்டில் பேரரசர்கள் அதே பெயர், அதே எடையில் வெள்ளியையும் செம்பையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். முதலில் 18 காரட்டுக்கு இறங்கியது, அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் தங்கம் பெயரளவுக்கு மட்டும் மிஞ்சியது. 1092-இல் முதலாம் அலெக்ஸியோஸ் இருபது காரட்டுக்குச் சற்று மேலான புதிய காசு வெளியிட்டுத்தான் நிலைமையைச் சரிசெய்தார். கவனித்தீர்களா, திரும்ப நம்பிக்கை பெற்ற அந்தக் காசும் சுத்தத் தங்கம் அல்ல. முந்தையதில் ஆளுக்கு ஆள் தரம் மாறியது, புதியதில் தரம் சொன்னபடி நின்றது.

பிளாட்டினம், டங்ஸ்டன் கலப்பதாகச் சொல்கிறார்களே?

அவை கலப்பு அல்ல, போலி செய்யும் வழி. பிளாட்டினம் இன்று விலை உயர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது தங்கத்தைவிட மிக மலிவு. கனமாகவும் இருக்கும். ஆகவே பிளாட்டினத்தில் காசு அடித்துத் தங்க முலாம் பூசி விட்டவர்கள் உண்டு. அந்தக் கள்ளக் காசுகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

டங்ஸ்டன் இன்றைய ஆபத்து. அதன் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு 19.3. எடையும் அளவும் பார்த்து 24 காரட் கட்டியில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். செம்பு கலந்த 22 காரட்டின் அடர்த்தி ஏறத்தாழ 17.6 என்பதால் டங்ஸ்டனை அப்படியே உள்ளே வைத்தால் காசு கனத்துக் காட்டிக்கொடுத்துவிடும். குறைந்த தரம் இங்கே சிறிது பாதுகாப்பும் தருகிறது.

வீட்டிலேயே அடர்த்தி பார்க்க முடியுமா?

முடியும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு வேண்டும். தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய காசைத் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். நல்ல சவரனுக்குத் தராசு 0.45 கிராம் அளவில் காட்டும். 7.99-ஐ 0.45-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17.8. பித்தளைக்கு முலாம் பூசியது என்றால் விடை ஒன்பதையே எட்டாது. காசில் ஒட்டிய காற்றுக்குமிழி விடையைக் கெடுக்கும், ஒரு துளி சோப்பு போதும். வளையம் பற்றவைத்த காசுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது.

காசுமாலைக்காக வளையம் வைத்த காசை ஏன் குறைத்து எடுக்கிறார்கள்?

பற்றவைக்கும் பொடி, காசைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். இல்லாவிட்டால் காசே உருகிவிடும். அதற்காகப் பொடியில் தங்கத்தோடு வெள்ளி, செம்பு, துத்தநாகம் சேர்ப்பார்கள். ஒரு காலத்தில் காட்மியம் சேர்த்தார்கள், "கே.டி.எம்." என்று கடைப் பலகைகளில் பெருமையாகவும் எழுதினார்கள். ஊதிப் பற்றவைக்கும் பொற்கொல்லரின் நுரையீரலுக்கு அந்தப் புகை நஞ்சு. விற்கும்போது காசின் தங்கத்தோடு இந்தப் பொடியும் எடையில் ஏறுவதால் கழிக்கிறார்கள். எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு கடையில் எங்கள் வீட்டுக் காசுக்கு "கலப்பு ஜாஸ்தி" என்று அரைகிராம் குறைத்தார்கள். அடுத்த தெருவில் உரசிப் பார்த்தவர் ஒரு குன்றிமணி எடைகூடக் குறைக்கவில்லை.

உரைகல், எக்ஸ்ரே கருவி இரண்டில் எதை நம்பலாம்?

இரண்டும் பார்ப்பது மேற்பரப்பைத்தான். செம்பு கலந்த தங்கத்தைச் சூடாக்கி அமிலத்தில் முக்கினால் மேலே உள்ள செம்பு கரைந்து போய், தோலில் மட்டும் தங்கம் மிகும். தென்னமெரிக்கப் பழங்குடிப் பொற்கொல்லர்கள் இதை ஒரு கலையாகவே செய்தார்கள். ஸ்பானியர்கள் சுத்தத் தங்கம் என்று அள்ளிச் சென்ற பலவும் உள்ளே செம்பு. ஆகவே பெரிய தொகை என்றால் எடை, அளவு, அடர்த்தி, மேற்பரப்புச் சோதனை எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

காசில் சிவப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. தரம் குறைந்துவிட்டதா?

இல்லை. சரியாகக் கலக்காத செம்பின் நுண்துகள் மேலே தெரிகிறது, அவ்வளவே. 9999 காசிலும் அச்சுத் தகட்டிலிருந்து ஒட்டிய துகளால் புள்ளி வருவதுண்டு. புளி, சாம்பல், பற்பசை எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் போவது தங்கம்.

யூரோ சில்லறையில் வரும் "நார்டிக் கோல்டு" எத்தனை காரட்?

பூஜ்யம். 89 சதவீதம் செம்பு, 5 அலுமினியம், 5 துத்தநாகம், 1 வெள்ளீயம். பெயரில் மட்டும் தங்கம்.

பாட்டி கொடுத்த சவரனை உருக்கி வளையல் செய்யலாமா?

உலோகக் கணக்கில் தடையே இல்லை. சவரன் ஏற்கெனவே 22 காரட் என்பதால் 916 வளையலுக்குப் புதிதாகச் செம்பு சேர்க்கத் தேவையில்லை. 24 காரட் காசைக் கொடுத்தால்தான் செம்போ வெள்ளியோ சேர்ப்பார்கள். அப்போது வளையலின் எடை கொடுத்த காசைவிடக் கூடும். அந்தக் கூடுதல் எடைக்குத் தங்க விலை போடுகிறார்களா என்று ரசீதில் பாருங்கள்.

ஆனால் உருக்கும் முன் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, புனித ஜார்ஜ் குதிரைமேல் இருக்கும் பக்கத்தில், குதிரையின் காலடித் தரையைப் பாருங்கள். எழுத்து எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் லண்டன். ஆங்கில எழுத்து எஸ் இருந்தால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த், சி என்றால் ஒட்டாவா, எஸ்ஏ என்றால் பிரிட்டோரியா. ஐ இருந்து, ஆண்டு 1918 என்றால் அது பம்பாயில் அடித்தது. அந்த நாணயச்சாலை பழைய சவரன் அடித்தது அந்த ஓர் ஆண்டில் மட்டும்தான்.